அஷ்டமி நவமியில் நிலாவைப் படம் எடுப்போம்

(ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதப்பட்ட வடிவம்)

வீட்டில் சின்ன டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். "பௌர்ணமி அன்னைக்கு ஆசையா மாடிக்குப் போய் நிலாவைப் படம் எடுத்தேன். வெள்ளைத் தட்டு மாதிரி வருது. பள்ளமும் தெரியல, மலையும் தெரியல. டெலஸ்கோப்பில் ஏதாவது கோளாறா?" இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காமல் பரணுக்குப் போன டெலஸ்கோப்புகள் நிறைய. பதில் ரொம்பச் சின்னதுதான். டெலஸ்கோப் நன்றாகவே இருக்கு. தேதியை மாற்றுங்க.

பௌர்ணமி ஏன் வேண்டாம்?

ராத்திரி பைக்கில் போகும்போது கவனிச்சிருப்பீங்க. எதிரில் வர்ற வண்டியின் ஹெட்லைட் தாழ்வா வந்து ரோட்டில் படும். அப்போது சின்னக் கூழாங்கல்லுக்குக்கூட நீளமா ஒரு நிழல் விழும். ஒவ்வொரு குழியும் கறுப்பா தெரியும். அதே ரோட்டை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பாருங்க, குழி இருக்கிறதே தெரியாது. வண்டி இறங்கினாதான் தெரியும்.

பௌர்ணமி என்பது நிலாவுக்கு அந்த மத்தியான நேரம். சூரியன் நமக்குப் பின்னாலிருந்து நேராக அடிக்குது. ஒவ்வொரு மலையின் நிழலும் அந்த மலைக்குப் பின்னாலேயே ஒளிஞ்சுக்கும். பௌர்ணமியிலும் சிலது அழகா வரும். டைக்கோ பள்ளத்திலிருந்து நாலா பக்கமும் கிளம்பும் வெள்ளைக் கதிர்களைப் பார்க்க அதுதான் நல்ல நாள். ஆனால் மேடு பள்ளம் வேணும்னா நிழல் வேணும்.

இதை வெளிச்சத்தின் அளவிலேயே பார்க்கலாம். அரை நிலா, முழு நிலாவின் வெளிச்சத்தில் பாதி தரும்னு தோணும். உண்மையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தரும். மிச்சத்தை நிழல்கள் தின்னுடுது. அந்த நிழல்களைத்தான் நாம படம் எடுக்கப் போறோம்.

நிலாவில் பகலும் இரவும் சந்திக்கிற கோடு ஒன்று இருக்கு. எல்லைக்கோடுன்னு வச்சுக்குவோம். வளர்பிறையில் அந்தக் கோட்டில் இருக்கிற ஒவ்வொரு இடத்திலும் அப்போதுதான் சூரியன் உதிக்குது. அங்கேதான் நிழல் நீளம். நிலாவின் நடுக்கோட்டில் இந்த எல்லை மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் நகருது. நிதானமா சைக்கிள் மிதிக்கிற வேகம். நீங்க மாடியில் இரண்டு மணி நேரம் இருந்தா, அதுக்குள்ள 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் புதுசா விடிஞ்சிருக்கும். இருட்டில் ஒற்றைப் புள்ளியா மின்னிய ஒரு மலை உச்சி, கண் முன்னாலேயே கீழே இறங்கித் தரையைத் தொடும். கோபுரக் கலசத்தில் முதல் வெயில் விழுந்து, மெல்ல வாசல் வரைக்கும் இறங்கும் இல்லையா, அதே மாதிரி.

தினசரி காலண்டர் ஒரு நிலா வரைபடம்

இன்னைக்கு எந்த இடத்தில் விடியுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஆப் இருக்கு, இணையதளம் இருக்கு. அதையெல்லாம்விடச் சுலபமா ஒண்ணு உங்க வீட்டுச் சுவரில் ஏற்கனவே தொங்குது. தினமும் கிழிக்கிற காலண்டர்.

திதி என்பது ஒரு கோணக் கணக்கு. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் உள்ள தூரம் 12 டிகிரி கூடினால் ஒரு திதி. 30 திதி சேர்ந்தால் 360 டிகிரி, அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை. நிலாவின் எல்லைக்கோடும் இந்தக் கோணத்தோடு சேர்ந்தேதான் நகருது. அதாவது ஒரு திதிக்கு 12 டிகிரி. ஆக, திதி தெரிஞ்சா கோடு எங்கே இருக்குன்னு தெரிஞ்சுடும்.

வளர்பிறைக்கு ஒரு சின்ன அட்டவணை சொல்றேன், குறிச்சுக்குங்க.

சஷ்டி: தியோஃபிலஸ், சிரிலஸ், கேத்தரினா. மூன்று பெரிய பள்ளங்கள் கைகோத்த மாதிரி வரிசையா நிற்கும். தியோஃபிலஸ் கடைசியா வந்தது. சிரிலஸின் சுவரை உடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். எது முந்தி, எது பிந்தின்னு படத்திலேயே படிக்கலாம்.

அஷ்டமி: நிலாவின் நடு முதுகு. டாலமியஸ், அல்ஃபோன்சஸ், அர்சகேல் என்ற மூன்று பள்ளங்களின் வரிசை. தெற்கே, சில மணி நேரம் மட்டும், பள்ளங்களின் விளிம்புகளில் வெயில் பட்டு ஆங்கில எக்ஸ் எழுத்து மாதிரி ஒரு வடிவம் இருட்டில் மிதக்கும்.

நவமி: என் கணக்கில் மாதத்தின் சிறந்த ராத்திரி. வடக்கே பிளேட்டோ, தெற்கே டைக்கோ, அதுக்கும் தெற்கே 200 கிலோமீட்டருக்கு மேல் அகலமான கிளேவியஸ், நடுவில் நேர்ச்சுவர். எல்லாமே ஒரே நாளில்.

தசமி: கோப்பர்நிகஸ். 93 கிலோமீட்டர் அகலம், படிப்படியா இறங்கும் சுவர்கள், நடுவில் மலைகள்.

ஏகாதசி: வானவில் வளைகுடா. அதைச் சுத்தியிருக்கிற ஜூரா மலைத்தொடரில் முதல்ல வெயில் பட்டு, இருட்டுக்குள்ள தங்கக் கைப்பிடி மாதிரி நிற்கும்.

துவாதசி: அரிஸ்டார்க்கஸ், பக்கத்தில் பாம்பு மாதிரி நெளிந்து போகும் ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கு.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். காலண்டரில் "காலை 10.15 வரை சப்தமி, பிறகு அஷ்டமி" என்று போட்டிருக்கும். நமக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன திதி என்பதுதான் கணக்கு. இரண்டாவது, நிலா தன்னைத்தானே ஒரே சீரான வேகத்தில் சுத்துது. ஆனால் அது பூமியைச் சுத்தும் பாதை நீள்வட்டம் என்பதால் அந்த வேகம் கூடிக் குறையும். அதனால் சில திதி 20 மணி நேரத்தில் முடியும், சிலது 26 மணி வரை நீளும். எல்லைக்கோடும் அட்டவணைக்கு அரை திதி முன்னே பின்னே இருக்கும். ஒரு நாள் தப்பினால் அடுத்த மாதம் அதே திதிக்கு வாங்க.

நம்ம வீடுகளில் அஷ்டமி நவமியில் எதையும் ஆரம்பிக்க மாட்டாங்க. நல்லதாப் போச்சு. அந்த இரண்டு ராத்திரியும் கல்யாணம், கிரகப்பிரவேசம்னு யாரும் கூப்பிட மாட்டாங்க. மாடி நமக்குத்தான்.

வெயிலில் கிடக்கும் தார் ரோடு

இப்போ கேமராவுக்கு வருவோம். போன் போதுமா என்றால், ஆரம்பிக்கப் போதும். ஐபீஸில் கண் வைக்கிற இடத்தில் போன் லென்ஸை வைக்கணும். கையில் பிடிச்சா ஆடும். ஐபீஸில் மாட்டுகிற போன் ஹோல்டர் ஒன்று வாங்கிக்குங்க. ஷட்டரை விரலால் தொட்டாலே டெலஸ்கோப் அதிரும். அதனால் மூன்று செகண்ட் டைமர் வைங்க.

எக்ஸ்போஷரில்தான் பலருக்குக் குழப்பம். வானம் இருட்டா இருக்கு, அதனால் நைட் மோடுன்னு போன் நினைச்சுக்கும். நாமும் நினைப்போம். நிலாவில் இப்போது பகல். நல்ல வெயிலில் கிடக்கிற கருங்கல்லைத்தான் படம் எடுக்கிறோம். நிலாத் தரை தன்மேல் படும் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் திருப்பி அனுப்புது. பழைய தார் ரோடு மாதிரியான நிறம். சுத்தி இருட்டு என்பதால்தான் வெள்ளையா தெரியுது. ஆக, ப்ரோ மோடுக்குப் போய், ஐஎஸ்ஓ-வைக் குறைச்சு, 1/100 செகண்ட் பக்கத்தில் ஆரம்பிச்சு, வெயில் பட்ட விளிம்புகள் வெளுத்துப் போகாத வரைக்கும் சரி பண்ணுங்க. ஃபோகஸைப் பூட்டி வச்சுடுங்க.

1840-ல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலாவைத் தெளிவா ஒரு தகட்டில் பிடிச்சார். அதுக்கு 20 நிமிஷம் ஒளி பட வேண்டியிருந்தது. உங்க போனுக்குக் கண் இமைக்கிற நேரம்கூடத் தேவையில்லை.

இன்னொரு நல்ல செய்தி. நிலாவுக்கு இருட்டான ஊர் தேவையில்லை. தெருவிளக்கு, எதிர்வீட்டு ட்யூப்லைட், எதுவும் பெரிய தொந்தரவு இல்லை. தி. நகர் நடுவிலிருந்தும் எடுக்கலாம். பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும் நமக்கு லாபம். நிலா தமிழ்நாட்டில் உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய 50 டிகிரி உயரத்துக்குக் குறைவதில்லை. லண்டனில் இருப்பவருக்குச் சில மாதங்களில் அது 10, 15 டிகிரியைத் தாண்டாது. தாழ்வா இருந்தா அத்தனை தடிமனான காற்றைக் கடந்து பார்க்கணும்.

காற்றோடுதான் சண்டை

அந்தக் காற்றுதான் உண்மையான எதிரி. கிணற்றில் கிடக்கிற காசை மேலேயிருந்து பார்த்தா நெளியும் இல்லையா, நாம காற்று என்கிற கிணற்றுக்கு அடியிலிருந்து மேலே பார்க்கிறோம்.

இதில் பாதிக்கு நம்ம மொட்டை மாடியே காரணம். பகலெல்லாம் காஞ்ச தட்டோடும் கான்கிரீட்டும் சாயங்காலம் சூட்டைக் கக்கும். ஏழு மணிக்கு நெளியும் நிலா ஒன்பது மணிக்கு அடங்கும். முடிஞ்சா சாயங்காலமே இரண்டு வாளித் தண்ணீர் தெளிச்சு விடுங்க. கொல்லையில் மண் தரை இருந்தா மாடியைவிட அது மேல். ஏசியின் வெளி யூனிட்டுக்கு மேலாகப் பார்க்கிற மாதிரி நிற்காதீங்க. டெலஸ்கோப்பை ஒரு மணி நேரம் முன்னாடியே வெளியே வச்சுடுங்க, கண்ணாடி வெளிச் சூட்டுக்கு வரட்டும்.

மிச்சக் காற்றை வீடியோவில் ஜெயிக்கலாம். 30 செகண்ட் வீடியோ எடுத்தா, செகண்டுக்கு 60 ஃப்ரேம் வீதம் 1,800 படம். காற்று நெளியும்போது நடுவில் சில கணங்கள் தெளியும். அந்தக் கணத்தில் விழுந்த படங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கணும். பத்தில் ஒரு பங்கு எடுத்தாலே 180 நல்ல படம். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் இதைத் தானே செய்யும். மோட்டார் இல்லாத டாப்சோனியன் என்றால் கவலை வேண்டாம். நிலா தானா நகர்ந்து படத்தைக் கடக்கட்டும், திரும்பத் தள்ளி வச்சு இன்னொரு வீடியோ எடுங்க.

வரைபடத்தோடு ஒப்பிடும்போது மட்டும் கவனம். டாப்சோனியனில் படம் தலைகீழாக வரும், திருப்பிப் பிடிச்சா சரியாகிடும். லென்ஸ் டெலஸ்கோப்பில் கண்ணாடி முழங்கை மாட்டியிருந்தா இடவலம் மாறி வரும். எவ்வளவு திருப்பினாலும் பொருந்தாது, கம்ப்யூட்டரில் புரட்டணும்.

எவ்வளவு சின்னது தெரியும்?

படத்தைக் காட்டினதும் வர்ற முதல் கேள்வி: "விக்ரம் லேண்டர் எங்கே?" 

8 அங்குலக் கண்ணாடி, காற்று முழுசா ஒத்துழைச்சா, நிலாவில் சுமார் ஒரு கிலோமீட்டர் வரைக்கும் பிரிச்சுக் காட்டும். 6 அங்குலம் என்றால் ஒன்றரை கிலோமீட்டர் பக்கம். சாதாரண ராத்திரியில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் தெரிஞ்சாலே நல்ல ராத்திரி. லேண்டரின் அளவு இரண்டு மீட்டர் பக்கம். அதை ஒரு புள்ளியாகப் பிரிக்கவே 100 மீட்டருக்கு மேல் அகலமான கண்ணாடி வேணும், அதுவும் காற்றே இல்லாமல். சந்திரயான்-2 ஆர்பிட்டர் அதைப் படம் பிடிச்சது சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து.

ஆனால் அந்தத் தெருவைக் காட்டலாம். சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் மான்சினஸ் என்று 98 கிலோமீட்டர் அகலப் பள்ளம் இருக்கு. தெற்கு விளிம்பில், சாய்வாக நசுங்கின வட்டமா அது உங்க படத்தில் வரும். 

உங்க டெலஸ்கோப்பையும் ராத்திரியையும் சோதிக்க நல்ல இடம் பிளேட்டோ. அதன் வழவழப்பான தரையில் இரண்டு கிலோமீட்டர் அளவில் சில குட்டிப் பள்ளங்கள் இருக்கு. அதில் ஒன்று சிக்கினாலும் அன்னைக்கு இனிப்பு சாப்பிடலாம்.

படம் உங்களுடையதுதானா?

இதை நான் முக்கியமா நினைக்கிறேன். இப்போது சில போன்களில் இது நிலா என்று தெரிஞ்சதும், லென்ஸில் விழாத விவரத்தையும் மென்பொருளே நிரப்பிடுது. படம் அழகா இருக்கும். ஆனால் அன்னைக்கு ராத்திரி உங்க மாடியிலிருந்து கிடைச்ச வெளிச்சம் அதில் எவ்வளவுன்னு சொல்ல முடியாது. டெலஸ்கோப்பில் எடுக்கும்போது அந்த வசதியை அணைச்சுடுங்க. கம்ப்யூட்டரிலும் அதேதான். கூர்மைப்படுத்தும் பட்டனை ஒரு அளவுக்கு மேல் இழுத்தா, பள்ளத்தைச் சுத்தி இல்லாத வெள்ளைக் கோடு முளைக்கும், தரையில் இல்லாத புள்ளி வரும். சந்தேகம் வந்தா ஒரு வழி இருக்கு. அரை மணி இடைவெளியில் இரண்டு வீடியோ எடுத்துத் தனித்தனியா அடுக்குங்க. இரண்டிலும் அதே இடத்தில் இருந்தா அது நிலா. ஒன்றில் மட்டும் இருந்தா அது காற்று, இல்லைன்னா மென்பொருள்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் கேட்டான்: "அங்கிள், நாசா போட்டோ இதைவிட நல்லா இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" நியாயமான கேள்வி. என்னுடைய பதில்: நாசா படத்தில் இருக்கிறது வேற ஒரு நாளின் நிழல். இதில் இருக்கிற நிழல் இன்னைக்கு ராத்திரி எட்டரை மணியின் நிழல். அதை வச்சு நீயே மலையை அளக்கலாம்.

எப்படின்னு அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். தசமி முடியும் நேரத்தில் கோப்பர்நிகஸ் எடுத்தோம்னு வச்சுக்குங்க. பள்ளத்தின் அகலம் 93 கிலோமீட்டர். படத்தில் அது 310 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.3 கிலோமீட்டர். கிழக்குச் சுவரின் நிழல் உள்ளே 90 பிக்சல் நீளத்துக்கு விழுந்திருக்கு. அதாவது 27 கிலோமீட்டர். எல்லைக்கோடு அங்கிருந்து 8 டிகிரி தள்ளி இருந்தா, அந்த இடத்தில் சூரியன் ஏறக்குறைய 8 டிகிரி உயரத்தில் இருக்கு. 8 டிகிரிக்கு டேன் மதிப்பு 0.14. 27-ஐ 0.14-ஆல் பெருக்கினா 3.8 கிலோமீட்டர். கோப்பர்நிகஸின் ஆழம் புத்தகத்தில் அதுதான். பத்தாம் வகுப்பு முக்கோணவியல், தென்னை மரத்தின் நிழலை அளக்கிற அதே கணக்கு. நிலாவின் நடுப்பகுதிக்கு இது ஒத்து வரும். விளிம்புக்குப் போனா சாய்வையும் கணக்கில் சேர்க்கணும்.

இந்த வேலையை முதலில் செய்தவர்களில் கலிலியோ முக்கியமானவர். இருட்டுப் பக்கத்தில் தனியா மின்னும் உச்சிகள் எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு பார்த்து, மலைகள் நாலு இத்தாலிய மைலுக்கு மேல் உயரம்னு 1610-ல் எழுதினார். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நிலா வழவழப்பான பளிங்கு உருண்டை என்ற நம்பிக்கையை உடைக்க அந்த நிழல்கள் போதும்.

நிழலைக் கண்ணால் மட்டும் பார்த்தா ஏமாறலாம் என்பதுக்கும் ஒரு உதாரணம் சொல்லணும். நவமி அன்னைக்கு நேர்ச்சுவரைப் பாருங்க. 110 கிலோமீட்டர் நீளத்துக்குக் கத்தியால் கீறின மாதிரி கறுப்புக் கோடு. செங்குத்தான பாறைன்னுதான் யாரும் சொல்வாங்க. அளந்து பார்த்தா அதன் உயரம் சில நூறு மீட்டர், அகலமோ இரண்டு மூன்று கிலோமீட்டர். நடந்தே ஏறிடக்கூடிய சரிவு. சூரியன் தாழ்வா இருக்கிறதால் அவ்வளவு நீளமா நிழல்.

அதே இடத்தைத் தேய்பிறை அஷ்டமியில், விடிகாலை நாலரை மணிக்குப் பாருங்க. வெயில் இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வருது. கறுப்புக் கோடு இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு நிற்கும். அந்த நேரத்தில் மாடியும் ஆறிப் போயிருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: சூரியன் உதிக்கிறதுக்கு முன்னாடியே டெலஸ்கோப்பை மூடிடுங்க. நிலா கண்ணுக்கு எதுவும் செய்யாது, சூரியன் ஒரு நொடியில் பார்வையைப் பறிச்சுடும்.

இந்த மாத வேலை

ஒரே ஒரு வேலை தர்றேன். ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுங்க. பிளேட்டோவோ கோப்பர்நிகஸோ, உங்க இஷ்டம். அதை மூன்று ராத்திரி எடுங்க: வெயில் தொடும் அன்று, அடுத்த நாள், அப்புறம் பௌர்ணமி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு, கீழே தேதி, மணி, திதி எழுதுங்க. மணி ரொம்ப முக்கியம், அது இல்லாமல் நிழலை அளக்க முடியாது. வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தா ஸ்கேலை அவங்க கையில் கொடுங்க.

காலண்டரைப் பார்த்து அடுத்த வளர்பிறை அஷ்டமி என்றைக்குன்னு வட்டம் போட்டு வைங்க. மேகம் வந்தா நவமி இருக்கு, அதுவும் போனா தசமி இருக்கு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.